ஓட்டுப் போடாத தெருவுக்கு முதல் தண்ணி

புதுசாத் தண்ணி டேங்க் வேலைக்கு வந்திருக்கிற கண்ணுகளே, நான் எழுதியிருக்கிறதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். எழுத்து கோணையாத்தான் வரும். ஒண்ணைச் சொல்ல ஆரம்பிச்சு இன்னொண்ணுக்குப் போயிருவேன், பாதி மறந்தும் போகுது. நாலு பேர் முன்னால நின்னு பேசச் சொன்னா நாக்கு மேல ஒட்டிக்கும். அதனாலதான் பயிற்சி நடத்துற ஆபீஸ் புள்ள, "பேச வேண்டாங்கம்மா, எழுதிக் குடுங்க, நான் படிச்சுக் காட்டிக்கிறேன்"னு சொல்லுச்சு. அந்தத் தைரியத்துல எழுதறேன்.

மோட்டார் எப்படிப் போடறது, குளோரின் எவ்வளவு கலக்கறதுங்கறதெல்லாம் உங்களுக்கு ஆபீசுல சொல்லித் தருவாங்க. நான் சொல்லப் போறது எங்க ஊர்ல இருந்த தலைவர் ஒருத்தரைப் பத்தி. பஞ்சாயத்துத் தலைவர்தான், மந்திரி கிந்திரி இல்லை. பேர் எழுதலை, எழுதினா அவருக்குக் கோவம் வரும். மல்லசமுத்திரத்துக்குத் தெக்கால எங்க ஊரு. என் ஊட்டுக்காரர்தான் முதல்ல டேங்க் ஆபரேட்டர். அவர் தவறினதுக்கப்புறம் அந்த வேலையை எனக்குப் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு, அந்த வேலையை விட்டா எனக்கு வேற கதி இல்லை. இதை மனசுல வச்சுக்கங்க.

தலைவர் முன்னால லாரி டிரைவர். சங்ககிரியில லோடு ஏத்திக்கிட்டு வடக்க பாஷை தெரியாத ஊருக்கெல்லாம் போய் வந்தவர். அப்புறம் சொந்தமா ஒரு லாரி, ஊருக்குப் பக்கத்துல கொஞ்சம் பருத்திக் காடு. தலைவரானப்புறமும் அந்தக் காக்கிச் சட்டையை விடலை.

எங்க டேங்குக்கு அடியில தெருவுக்கு ஒரு வால்வு. எதை முதல்ல திறக்கறமோ அந்தத் தெருவுக்குத் தண்ணி பீச்சிக்கிட்டுப் போகும். கடைசியாத் திறக்கற தெருவுக்கு மிச்சம் மீதிதான். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி மேட்டுல ஒரு தெரு. எல்லாரும் அதைக் கடைசித் தெருன்னுதான் சொல்லுவாங்க. என் ஊட்டுக்காரர் காலத்துல இருந்தே அதுக்குக் கடைசியாத்தான் தண்ணி. யாரும் அப்படிச் சட்டம் போடலை. அப்படியே இருந்துச்சு, நானும் அப்படியே செஞ்சேன்.

அந்தத் தேர்தல்ல கடைசித் தெரு ஒட்டுமொத்தமா எதுத்த ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சுன்னு ஊருக்கே தெரியும். இவர் செயிச்ச மறுநா காலையில இவரோட மச்சினன் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு டேங்குக்கு வந்தார். மேலெல்லாம் வெடி மருந்து வாசம் இன்னும் போகலை.

"ஏனக்கா, இனிமேல் அந்த மேட்டுத் தெருவுக்குக் காத்து மட்டும் விடு. ஓட்டுப் போட்ட ஆள்கிட்டயே போய்த் தண்ணி கேக்கட்டும்!"

கூட வந்தவங்க சிரிச்சாங்க. நான் வால்வைத் தொடலை. நேராத் தலைவர் ஊட்டுக்குப் போனேன்.

அவர் லாரிக்குப் பின்னால குனிஞ்சு நின்னு ஒரு இரும்புக் கம்பியால டயரைத் தட்டிக்கிட்டிருந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் தட்டறதை நிறுத்தலை.

"அம்மிணி, இதை எதுக்குத் தட்டறேன்னு தெரியுமா?"

"காத்து இருக்குதான்னு பாக்கறதுக்குங்க."

"முன் டயர்ல காத்துப் போனா ஸ்டேரிங்கே சொல்லிரும். பின்னால, உள்பக்கம் இருக்கற டயர்ல போனா ஒண்ணும் தெரியாது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். சாயும்போதுதான் தெரியும். அதனால நாமதான் எறங்கிப் போய்த் தட்டிப் பாக்கோணும்." கம்பியைக் கீழ வச்சார். "எனக்கு ஓட்டுப் போட்டவன் ஊட்டுல தண்ணி வரலைன்னா விடியறதுக்குள்ள வந்து கதவைத் தட்டுவான். போடாதவன் வரமாட்டான். வெக்கப்படுவான், இல்லாட்டிப் பயப்படுவான். தாகத்தோட உக்காந்திருப்பான். நாளையில இருந்து அந்தத் தெருவுக்கு முதல்ல திற. என் தெருவுக்குக் கடைசியா விடு. தண்ணி வரலைன்னா எனக்கே தெரிஞ்சிரும் பாரு."

அத்தனை வருசமா நடந்துக்கிட்டிருந்த ஒண்ணை, கையில இருந்த கிரீசைத் துடைச்சுக்கிட்டே மாத்திட்டார். ஒரு கூட்டம் இல்லை, பேச்சு இல்லை. அரசாங்கம்னா கொடி கட்டின காருன்னு நினைச்சுக்கிட்டிருந்தவ நான். அன்னைக்கு வால்வுச் சாவியைக் கையில எடுக்கறப்போ, அரசாங்கம் இந்தச் சாவிக்குள்ளயும் இருக்குதான்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் தெனமும் பொழுதோட, வெயில் தாழ்ந்ததும், அவர் மேட்டுத் தெருவுக்கு நடந்து போவார். குழாயடியில இருக்கற கொடத்தை விரல் முட்டியால தட்டிப் பார்ப்பார். பொம்பளைங்க சிரிப்பாங்க. "டிரைவரு டயர் பாக்க வந்துட்டாரு, கொடத்தையெல்லாம் வரிசையா வைங்கடி!" "பஞ்சர் ஒண்ணும் இல்லீங்க தலைவரே, போயிட்டு வாங்க!" அவரும் சிரிச்சுக்கிட்டே திரும்புவார். அவர் ஊட்டம்மாதான் குழாயடியில நின்னு எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுவாங்க: "ஊருக்கெல்லாம் தலைவரு, ஊட்டுல ஒரு சொம்புத் தண்ணிக்கு வழியில்லை. அடுத்த தடவை நானும் எதுத்த ஆளுக்கே ஓட்டுப் போட்டர்றேன். முதல் தண்ணி வருமில்ல?"

இப்ப நோம்பி அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்க மாரியாத்தா கோயில் நோம்பிக்கு ஊடு தவறாம ஒறம்பரை சனம் வந்துரும். இளம்பிள்ளையில கட்டிக் குடுத்த பொண்ணுங்க, திருச்செங்கோட்டுச் சம்பந்தகாரங்க, போர் போடற ரிக் வண்டிக்கு வேலைக்குப் போன பசங்க, எல்லாரும் வந்துருவாங்க. ஊரே ரெட்டிப்பாகும். அன்னைக்குத் தண்ணி நின்னா ஆத்தாளுக்குப் பொங்கலே இல்லை.

விடியக் காத்தால தண்ணி மட்டம் பார்க்க டேங்க் மேல ஏறினேன். முந்தின நாள் பொழுதோட ரேடியோ செட்டுக்காரர் கோயில் பாட்டுக்காகக் குழாய் ஸ்பீக்கரை அங்கதான் கட்டியிருந்தார். ஊர்லயே உயரமான எடம் அதுதானே, ஒவ்வொரு நோம்பிக்கும் அங்கதான் கட்டுவாங்க. மேல போய்ப் பார்த்தா டேங்க் மூடி ஒரு பக்கமா நகர்ந்து கிடக்குது. குனிஞ்சேன். பருத்திக்கு அடிக்கற மருந்து வாடை குப்புனு மூக்குல ஏறுச்சு.

மூடி திறந்திருக்குது, மருந்து வாடை அடிக்குது. எனக்கு வேற ரோசனையே ஓடலை. கீழ குழாயடியில பொம்பளைங்க கொடத்தை வச்சுக்கிட்டு நிக்கறாங்க. "ஏனக்கா, எப்பத்தான் தொறப்பே? அடுப்புப் பத்த வச்சாச்சு!" கீழ எறங்கி வந்து அவங்களுக்கு ஒண்ணும் சொல்லாம எல்லா வால்வையும் இறுக்கினேன். சாவியை முந்தானையில சுத்திக்கிட்டுத் தலைவர் ஊட்டுக்கு ஓடினேன்.

அவர் ஊடு நெறைய ஒறம்பரை. வாசல்ல சேர் போட்டுக் காப்பி குடிச்சுக்கிட்டிருந்தாங்க. அத்தனை பேரைப் பார்த்ததும் எனக்கு வாய் வரலை. முந்தானையில இருந்து சாவியை எடுத்து அவர்கிட்ட நீட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். டம்ளரை வச்சுட்டுத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போனார். சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நிச்சயமா, சந்தேகமா?"

"சந்தேகந்தானுங்க."

"சந்தேகம் போதும்."

கண்ணுகளே, உங்களுக்கு வேற ஒண்ணும் மனசுல நிக்காட்டியும் இது நிக்கட்டும். அந்தச் சாவியைத் திருப்பறதுக்கு நிச்சயம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அவர் கோயிலுக்குப் போய் மைக்கைப் பிடிச்சார். டேங்க் மேல கட்டின ஸ்பீக்கர்லதான் அவர் பேச்சு ஊர் முழுக்கக் கேட்டுச்சு. "குழாய்த் தண்ணியை யாரும் குடிக்க வேண்டாம், பொங்கலுக்கும் எடுக்க வேண்டாம். பிடிச்சு வச்ச தண்ணியை ஊத்தாதீங்க, அப்படியே மூடி வைங்க. நாந்தான் மூடச் சொன்னேன்." நாந்தான்னு சொன்னார் பாருங்க. மூடினது நானு, அவர் காப்பி குடிச்சுக்கிட்டிருந்தார்.

சுகாதார ஆபீசுக்குப் போன் போட்டார். பஞ்சாயத்துக் கிளார்க்கை டேங்க் மேல ஏத்தித் தண்ணி பிடிச்சு நாமக்கல்லுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். கோழிப் பண்ணைக்காரங்க டேங்கர் ஒண்ணை வரச் சொன்னார். எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. ஆனா பயம் அதைவிட வேகமா நடந்துச்சு. மருந்து கலந்துட்டாங்கன்னு ஒரு பேச்சு. யாருன்னு அடுத்த பேச்சு. ரேடியோ செட்டுக்காரர் நேத்து டேங்க் மேல ஏறினதைப் பார்த்தவங்க இருக்காங்க. அவர் ஊடு மேட்டுத் தெருவுல. அவ்வளவுதான். தலைவரோட மச்சினன் முன்னால, பின்னால ஒரு கூட்டம், மேட்டுத் தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சாங்க. சில பேர் கையில பந்தல் குச்சி.

தலைவர் பந்தல்ல இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணைத் தூக்கித் தலைமேல வச்சுக்கிட்டு அவங்களுக்கு முன்னால நடந்தார். மேட்டுத் தெரு வாசல்ல நடு ரோட்டுல அதைப் போட்டு உக்கார்ந்தார். நானும் சாவியோட பின்னாலயே போய் நின்னேன். தெருவுக்குள்ள ஒரு ஊட்டுக் கதவும் திறந்திருக்கலை. கைக்குழந்தை அழுவற சத்தம் மட்டும் வந்துச்சு.

"மாமா, எந்திரிங்க. இது உங்களுக்குச் சம்பந்தமில்லை" ன்னார் மச்சினன்.

"எனக்குச் சம்பந்தமில்லாத தெரு இந்த ஊர்ல எது மாப்ள? சொல்லு, கேட்டுக்கறேன்."

"தண்ணியில மருந்து கலந்திருக்காங்க!"

"கலந்திருந்தா போலீஸ் வரும். கலந்திருக்குதான்னே இன்னும் தெரியாது."

பின்னால இருந்து ஒருத்தன் கத்தினான். "தெரியாதுன்னா தலைவரே ஒரு மொடக்கு குடிச்சுக் காட்டட்டும்!"

ரோசக்காரர், குடிச்சிருவாரோன்னு பயந்தேன். அவர் சிரிச்சார். "குடிக்க மாட்டேன் சாமி. இது எருமைமாட்டு ஒடம்பு. நான் குடிச்சுட்டு நின்னா, உன் குழந்தை குடிச்சாலும் நிக்கும்னு என்ன நிச்சயம்?" கூட்டத்துல ரெண்டு பேர் சிரிச்சுட்டாங்க. குச்சி கொஞ்சம் தாழ்ந்துச்சு.

அப்ப ஒரு கதவு திறந்துச்சு. ரேடியோ செட்டுக்காரர் வந்தார். "மேல ஏறினது நாந்தானுங்க. கயித்தை மூடியோட வளையத்துல கட்டினேன், அதுல மூடி நகர்ந்திருக்கும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க தலைவரே." கூட்டம் மறுபடி பொங்குச்சு. தலைவர் எந்திரிச்சார். எந்திரிச்சு என்னையப் பார்த்தார்.

"அம்மிணி, இப்படி வா. நான் டேங்க் மேல போய்ப் பார்த்துட்டு வாரேன். அதுவரைக்கும் இதுல நீ உக்காரு. நாற்காலி சும்மா இருக்கக் கூடாது."

நாலு பேர் முன்னால நிக்கவே கூசறவ நான். ஆம்பளைங்க நிக்கறப்போ சேர்ல உக்கார்ந்து பழக்கமே இல்லை. ஆனா உக்கார்ந்தேன். வால்வுச் சாவியை மடியில வச்சுக்கிட்டேன். எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

மச்சினன் பக்கத்துல வந்தார். "அக்கா, எந்திரிச்சு ஓரமாப் போ. தண்ணி நல்லா இருந்துச்சுன்னு பரிசோதனையில வந்துதுன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது, பாத்துக்க."

புள்ளைங்க மூஞ்சி கண்ணுக்குள்ள வந்துச்சு. எந்திரிக்கலாம்னுதான் நினைச்சேன், பொய் சொல்லலை. ஆனா முதுகுக்குப் பின்னால அந்தக் குழந்தை இன்னும் அழுதுக்கிட்டிருந்துச்சு. நான் சொன்னது ஒரே வார்த்தைதான். "தலைவரு வரட்டும் சாமி."

ஒருத்தரும் என்னையத் தாண்டிப் போகலை. ஏன் போகலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. நான் ஒரு தள்ளுக்கு ஆகமாட்டேன். அவர் எந்திரிச்சுப் போன நாற்காலிக்கு அத்தனை பலம் இருந்துச்சு.

தலைவர் திரும்பி வந்தார். தோள்ல ஒரு கயிறு. கிட்ட வரும்போதே அந்த வாடை. நான் டேங்க் மேல மோந்த அதே மருந்து வாடை, தண்ணியில இல்லை, கயித்துல. "பாத்தீங்களா மாமா! மருந்துல முக்கின கயிறு! இவனுக…"ன்னு மச்சினன் குதிச்சார். தலைவர் கோயிலைப் பார்த்து நடந்தார். கூட்டமும் பின்னாலயே போச்சு. மைக்கைப் பிடிச்சார்.

"இந்தக் கயிறு என் ஊட்டுக் கயிறு. நுனியில இருக்கறது நான் போட்ட முடிச்சு, லாரியில தார்ப்பாய் கட்டற முடிச்சு. பருத்தி மருந்து டின்னு வைக்கற சாளைக் கொட்டகையில கிடந்தது. கயிறு பத்தலைன்னு கேட்டு வந்தவருக்கு என் ஊட்டுல இருந்து யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க. வாடை என் ஊட்டு வாடை. மேட்டுத் தெருவுல யார் மேலயும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது. சொல்றதா இருந்தா என்னையச் சொல்லுங்க. பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும், டேங்கைக் கழுவுற வரைக்கும் தண்ணி திறக்க மாட்டேன். மூடச் சொன்னதும் நாந்தான்."

ரேடியோ செட்டுக்காரருக்குக் கயிறு எந்த ஊட்டுதுன்னு தெரியும். அதை அந்தக் கூட்டத்துல சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. சொல்லியிருந்தா யார் நம்பியிருப்பாங்க?

நான் திரும்பத் திரும்ப நினைக்கறது ஒண்ணுதான். டேங்க் மேல அவர் தனியா இருந்தார். கயித்தை மோந்து பார்த்திருப்பார், முடிச்சைப் பார்த்திருப்பார். கீழ ஒரு பக்கம் முள்ளுக் காடு. அதுல வீசியிருந்தா ஒரு மனுசருக்கும் தெரிஞ்சிருக்காது. தேர்தலுக்கு ரொம்ப நாளும் இல்லை. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கி வந்தாரே, அந்த ஏணியில ஒவ்வொரு படியும் என்ன நினைச்சிருப்பார்?

பொழுதோட நாமக்கல்ல இருந்து போன் வந்துச்சு. தண்ணியில ஒண்ணும் இல்லை. டேங்கர் தண்ணியில பொங்கல் வச்சு முடிச்சிருந்தாங்க, ஆனா நேரம் தப்பிப் போச்சுன்னு ஊரெல்லாம் முணுமுணுப்பு. நான் அவர்கிட்டப் போய் அழுதேன். "தண்ணி நல்லாத்தான் இருந்திருக்குதுங்க. வீணா நோம்பியைக் கெடுத்துட்டேன்."

"டயரைத் தட்டினா நிறையத் தடவை நல்ல டயராத்தான் இருக்கும் அம்மிணி. அதுக்காகத் தட்டறதை விட்டர்றதா?" ன்னார். அப்புறம் கேட்டார், "சேர் வசதியா இருந்துச்சா?" அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

என் வேலைக்கு ஒண்ணும் வரலை. ரெண்டு தடவை மைக்ல நாந்தான் நாந்தான்னு சொன்னவரை விட்டுட்டு என்னைய யார் கேப்பாங்க? ஆனா அடுத்த தேர்தல்ல அவர் தோத்துட்டார். "கயித்துத் தலைவரு"ன்னு பேர் வச்சுச் சிரிச்சாங்க. மேட்டுத் தெரு எப்படி ஓட்டுப் போட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. அவரும் கேக்கலை. தோத்த மறுநா காலையில காக்கிச் சட்டையோட டேங்குக்கு வந்தார். "அம்மிணி, புதுத் தலைவருக்கு என் தெரு ஓட்டுப் போடலை. கணக்குப்படி இனி எனக்குத்தான் முதல் தண்ணி, ஞாபகம் வச்சுக்க" ன்னுட்டுச் சிரிச்சார். சிரிச்சுட்டு, மேட்டுத் தெரு வால்வை முதல்ல திறக்கறேனான்னு நின்னு பார்த்துட்டுத்தான் போனார்.

நான் வேலையை விட்டு வர்ற வரைக்கும் அந்த வரிசை மாறலை. எந்தத் தலைவரும் மாத்தச் சொல்லலை, நானும் கேக்கலை.

இதுல தப்பு இருந்தா யாராவது விசாரிச்சுத் திருத்துங்க. கயிறு நைலானா நாராங்கறது மறந்துபோச்சு. தண்ணி பிடிச்சுக்கிட்டுப் போனது கிளார்க்கா வேற ஆளான்னும் இப்பச் சந்தேகமா இருக்குது. தலைவரைக் கேட்டா "அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி"ம்பார். மைக்ல அவர் சொன்னதை ஊரே கேட்டுச்சு. ஒரு சொல்லு முன்னப் பின்ன இருந்தா ஊர்ல கேட்டுச் சரி பண்ணிக்கங்க. இன்னொண்ணும் கேட்டுச் சொல்லுங்க, நான் அந்த நாற்காலியில எவ்வளவு நேரம் உக்கார்ந்திருந்தேன்னு. எனக்கு அது ஒரு பகல் மாதிரி இருந்துச்சு. ரேடியோ செட்டுக்காரர் ஊட்டுக்காரி கதவுச் சந்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தவ. அது கொஞ்ச நேரந்தான், குழந்தை அழுகையை நிறுத்தறதுக்குள்ள தலைவர் வந்துட்டார்ங்கறா.